புதியது, உறையவைத்தது, பேணியில் அடைத்தது: மரக்கறி தெரிவுசெய்யும் முறை

இலண்டன் மாநகரசபை ஒன்றின் சமுதாய மண்டபத்தில், தமிழ் பேசும் குடும்பங்களுக்கான நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



காலையிற் சந்தைக்குச் சென்று அன்றைய மரக்கறியை அன்றே வாங்கிச் சமைத்து உண்ட மக்கள், குளிர் நாட்டுக்கு வந்தபின் மூன்று விதமான மரக்கறிகளின் முன் நிற்கின்றனர். ஒருபுறம் தட்டுகளில் அடுக்கப்பட்ட புதிய மரக்கறி. மறுபுறம் பிறீசர் எனப்படும் உறைகுளிர்ப் பெட்டியிலே பைகளில் உறைந்து கிடக்கும் மரக்கறி. இன்னொருபுறம் டின் என்று வழங்கும் தகரப்பேணியில் அடைத்த மரக்கறி. இவற்றுள் எதை வாங்குவது என்பது சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆயினும், நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் மிகுந்து காணப்படும் ஒரு சமூகத்தில், அக்கேள்விக்கான விடை வீட்டின் நலத்தோடும் வரவுசெலவோடும் நேரடியாகத் தொடர்புடையது.

பல தமிழ் வீடுகளில் ஓர் எண்ணம் நிலைத்திருக்கின்றது. புதியதே உணவு, உறைந்தது பழையது, பேணியில் உள்ளது நஞ்சுக்கு நிகர் என்பதே அவ்வெண்ணம். இரவு வேலை முடிந்து வரும் தாய், உறைந்த பட்டாணியைக் குழந்தைக்குக் கொடுக்கும்போது குற்ற உணர்வு கொள்கின்றாள். தனித்து வாழும் முதியவர், புதியதுதான் வேண்டுமென்று வாங்கிய கீரையில் அரைவாசியை வாடவிட்டு எறிகின்றார். பின்னர் இரண்டு நாட்களுக்குச் சோறும் பருப்பும் மட்டுமே உண்கின்றார். இவ்விருவரின் கவலையும் தேவையற்றது. அதேவேளை, மூன்று வகைகளிலும் அறிந்திருக்க வேண்டிய எச்சரிக்கைகள் சில உண்டு. அவற்றை முறையாக விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

ஐந்து பங்கு என்பதன் பொருள்

நாளொன்றுக்கு ஐந்து பங்கு பழமும் மரக்கறியும் உண்ணவேண்டும் என்பது இந்நாட்டுத் தேசிய சுகாதார சேவையின் அறிவுரை. வளர்ந்தோர்க்கு ஒரு பங்கு என்பது 80 கிராம். சமைத்த கரட், பட்டாணி, சோளம் ஆகியவற்றில் மேசைக்கரண்டியால் குவித்து எடுத்த மூன்று கரண்டி ஒரு பங்காகும். சமைத்த கீரை, போஞ்சி ஆகியவற்றில் நான்கு கரண்டி ஒரு பங்கு. புதியது, உறையவைத்தது, பேணியில் அடைத்தது ஆகிய மூன்றும் இக்கணக்கில் ஒப்பச் சேரும். புதியதற்குக் கூடுதல் மதிப்பும் பேணிக்குக் குறைந்த மதிப்பும் அங்கு இல்லை.

ஆயினும் தமிழ்ச் சமையலில் இடம்பெறும் சில பொருட்கள் இக்கணக்கிற் சேருவதில்லை. உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய் ஆகியன மாப்பொருள் மிகுந்தவையாதலால் சோற்றின் இடத்தில் வைத்தே எண்ணப்படும். சோற்றோடு உருளைக்கிழங்குப் பிரட்டலும் வாழைக்காய்ப் பொரியலும் உண்பவர், இரண்டு கறி உண்டதாக நினைக்கலாம். கணக்கின்படி ஒரு பங்கு மரக்கறியும் அவர் உண்ணவில்லை. பருப்பு, கடலை, பயறு ஆகியவை எவ்வளவு உண்டாலும் நாளுக்கு ஒரு பங்காக மட்டுமே கொள்ளப்படும். நீரிழிவு உடையோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது மிகவும் நன்று.

புதிய மரக்கறி உண்மையில் எவ்வளவு புதியது?

மரக்கறி செடியிலிருந்து பறிக்கப்பட்ட கணத்திலிருந்தே மாறத் தொடங்குகின்றது. விற்றமின் சீ முதலில் குறைவது. இலைக்கறிகளில் அது மிக விரைவாகக் குறையும். தோட்டத்திற் பறித்த கீரையை ஒரு மணி நேரத்தில் அடுப்பில் ஏற்றுபவருக்கு அதற்கு நிகரானது வேறில்லை. ஆனால் தமிழ்க் கடையில் விற்கப்படும் முருங்கைக்காயும் கீரையும் வேறு நாட்டிற் பறிக்கப்பட்டு, பெட்டியில் அடைக்கப்பட்டு, விமானத்தில் ஏறி, மொத்தச் சந்தையைக் கடந்து கடைக்கு வந்தவை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அவை மேலும் சில நாட்கள் இருக்கும். அப்படிப்பட்ட கீரையைப் புதியது என்று அழைப்பது வழக்கமே ஒழிய, அது பறித்தவுடன் உறையவைத்த கீரையைவிடச் சத்தில் உயர்ந்தது என்பதற்கு உறுதி இல்லை.

இதனாற் புதிய மரக்கறியைத் தவிர்க்க வேண்டுமென்பதில்லை. அருகில் விளைவதை அதன் பருவத்தில் வாங்குவதே சிறந்தது. குளிர்காலத்தில் கோவா, கரட், லீக்ஸ், கேல் ஆகியவை இந்நாட்டு மண்ணிலேயே விளைகின்றன. விலையும் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். கேல் இலையைச் சிறிதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் மிளகாயும் சேர்த்து வறை செய்தால் ஊர்க் கீரை வறையிலிருந்து அதிகம் வேறுபடாது. கோவாவும் கரட்டும் குளிர்சாதனப் பெட்டியில் நெடுநாள் தாங்கும். கீரை வகைகளையோ இரண்டொரு நாட்களில் உண்ணக்கூடிய அளவுக்கு மட்டும் வாங்குதல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்கு மேற்படாதிருக்க வேண்டும்.

உறையவைத்த மரக்கறி

கிளாரன்சு பேர்ட்ஸ் ஐ என்னும் அமெரிக்கர், லப்ரடோர் பகுதியின் கடுங்குளிரில் பிடித்த மீன் உடனே உறைந்து, பின்னர் உருகியபோதும் சுவை குன்றாதிருந்ததைக் கண்டார். 1920களில் விரைந்து உறையவைக்கும் முறையை அவர் வணிகத்துக்குக் கொண்டுவந்தார். விரைந்து உறையும்போது உருவாகும் பனிப்படிகங்கள் சிறியவை. அவை மரக்கறியின் கலங்களை அதிகம் கிழிப்பதில்லை. வீட்டுப் பிறீசரில் மெதுவாக உறையும் மரக்கறி உருகியதும் குழைந்துபோவதற்குக் காரணம் படிகங்கள் பெரிதாவதே.

தொழிற்சாலையில் பெரும்பாலான மரக்கறிகள் கொதிநீரிலோ ஆவியிலோ சிறிது நேரம் வாட்டப்பட்டு, பின் உறையவைக்கப்படுகின்றன. வாட்டும்போது விற்றமின் சீயில் ஒரு பகுதி இழக்கப்படும். அதன்பின், 18 பாகை உறைகுளிரில் வைக்கப்பட்டிருக்கும்வரை, எஞ்சிய சத்து மிக மெதுவாகவே குறையும். பட்டாணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அறுவடையான சில மணி நேரத்திலேயே அது உறையவைக்கப்படுகின்றது. ஆகவே உறைந்த பட்டாணியைக் கொடுக்கும் தாய், குழந்தைக்குக் குறைவானதொன்றைக் கொடுக்கவில்லை. பொதுவாக உப்போ சீனியோ சேர்க்கப்படாததும், வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கட்டி வைக்கக்கூடியதும் இவ்வகையின் பெரும் நன்மைகள். தனித்து வாழும் முதியவருக்கு இதனினும் பொருத்தமானது இல்லை.

சமைக்கும் முறையிற் சிறு மாற்றம் வேண்டும். உறைந்த மரக்கறியை உருகவிடாமல் நேரடியாகவே அடுப்பில் இடுதல் நன்று. வெண்டைக்காயை அகன்ற தாச்சியில் சிறிது சிறிதாகப் போட்டு, பெருந்தீயில் நீர் வற்ற வதக்கினால் வழுவழுப்புக் குறையும். மூடினால் அது குழையும். முருங்கைக்காய் ஏற்கனவே சற்று மென்மையடைந்திருக்குமாதலால் குழம்பு கொதித்து இறக்கும் தறுவாயில் இட்டாற் போதும். கடையிற் பையை எடுக்கும்போது கையால் தடவிப் பார்க்க வேண்டும். துண்டுகள் தனித்தனியே உதிர்ந்தால் நல்லது. முழுவதும் ஒரே பனிக்கட்டியாக இறுகியிருந்தால், ஒருமுறை உருகி மீண்டும் உறைந்ததாக இருக்கலாம். அதைத் திருப்பி வைத்துவிடலாம்.

உறைந்த மரவள்ளிக்கிழங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மரவள்ளியில் சயனைட்டை வெளிவிடும் பொருட்கள் இயற்கையாகவே உள்ளன. தோலுரித்து உறையவைப்பதால் அவை முற்றாக நீங்குவதில்லை. நிறைந்த நீரில் மூடியின்றி நன்கு அவித்து, அவித்த நீரை ஊற்றிவிடும் ஊர் வழக்கம் சரியானது. அதை இங்கும் கைவிடலாகாது.

உறைந்த சோளத்தையும் பட்டாணியையும் சமைக்காமலே சலாட்டிற் கலக்கும் பழக்கம் பரவி வருகின்றது. பையில் சமைக்காது உண்ணலாம் என்று எழுதப்பட்டிராவிட்டால் அவ்வாறு செய்தல் கூடாது. 2015க்கும் 2018க்கும் இடையில் ஐரோப்பாவின் பல நாடுகளில் உறைந்த சோளத்தின் வழியாக லிஸ்டீரியா என்னும் பக்டீரியா பரவி, மரணங்களும் நேர்ந்தன. உறைகுளிர் இக்கிருமியைக் கொல்வதில்லை, கொதிவெப்பமே கொல்லும். கருவுற்ற பெண்கள், முதியோர், நோயெதிர்ப்புக் குறைந்தோர் ஆகியோருக்கு இக்கிருமி பேராபத்தானது.

இன்னொரு எச்சரிக்கை. தமிழ்க் கடையின் பிறீசரில் முருங்கைக்காய்க்கு அருகிலேயே பரோட்டாவும் ரோல்சும் சமோசாவும் இருக்கும். உள்ளே சிறிது மரக்கறி இருப்பதனால் அவை மரக்கறியாகிவிடா. உறைந்த மரக்கறி நல்லது என்ற கூற்று அவற்றைக் குறிப்பதன்று.

பேணியில் அடைத்த மரக்கறி

பேணி உணவின் வரலாற்றில் இலண்டனுக்கு நேரடிப் பங்கு உண்டு. உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையை நிக்கொலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1810இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் தகரப்பேணிக்கான காப்புரிமை இங்கிலாந்தில் பெறப்பட்டது. 1813அளவில் பிரயன் டொங்கினும் அவருடைய கூட்டாளிகளும் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பேர்மொண்ட்சியில் தொழிற்சாலை அமைத்துக் கடற்படைக்குப் பேணி உணவு வழங்கினர். பேணி திறக்கும் கருவி அதற்குப் பல பத்தாண்டுகளின் பின்னரே வந்தது. அதுவரை சுத்தியலும் உளியும்தாம் பயன்பட்டன.

அடைத்தபின் உயர்ந்த வெப்பத்திற் சூடாக்குவதாலேயே பேணி உணவு கெடாதிருக்கின்றது; அதற்கெனத் தனியே பாதுகாப்பு இரசாயனம் தேவைப்படுவதில்லை. அவ்வெப்பத்தில் விற்றமின் சீயும் விற்றமின் பீ வகையிற் சிலவும் குறைகின்றன. நார்ச்சத்தும் கனிப்பொருட்களும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. தக்காளியிலோ நன்மையும் உண்டு. அதன் செந்நிறத்துக்குக் காரணமான லைக்கோபீன், சமைத்த தக்காளியிலிருந்து உடலுக்கு எளிதாகக் கிடைக்கின்றது. குளிர்காலத்தில் சுவையற்ற வெளிறிய தக்காளியை விலை கொடுத்து வாங்குவதைவிட, பேணித் தக்காளியிற் குழம்பு வைப்பது சிக்கனமும் சுவையும் ஆகும்.

பேணியிற் கவனிக்க வேண்டியது உப்பு. வளர்ந்தவர் ஒருவர் நாள் முழுவதும் உண்ணும் உப்பு 6 கிராமுக்கு மேற்படலாகாது. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி நிறைந்த அளவு அது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 1 கிராமுக்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும். பேணியின் பின்புறத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு உப்பு என்று எழுதப்பட்டிருக்கும். 0.3 கிராமும் அதற்குக் குறைவும் ஆனால் தாழ்ந்த அளவு, 1.5 கிராமுக்கு மேலானால் உயர்ந்த அளவு. பிற நாடுகளிலிருந்து வரும் சில பேணிகளில் உப்புக்குப் பதிலாகச் சோடியத்தின் அளவு மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். அதை இரண்டரையாற் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

நீரில் அடைத்தது, உப்பு நீரில் அடைத்தது என்னும் இரண்டில் முன்னதையே எடுத்தல் நன்று. இளம் பலாக்காய் பெரும்பாலும் உப்பு நீரில்தான் கிடைக்கின்றது. கடலை, பலாக்காய் முதலியவற்றை வடிதட்டில் கொட்டி, குழாய்நீரில் நன்கு அலசினால் உப்பின் ஒரு பகுதி நீங்கும். அதன்பின் கறிக்கு வழமையான அளவு உப்பை இடாமல், சுவைத்துப் பார்த்துச் சிறிது இட்டாற் போதும். சீனிப்பாகில் அடைத்த பழங்களை நீரிழிவு உடையோர் தவிர்த்து, பழச்சாற்றில் அடைத்ததைத் தெரிந்தெடுத்து, சாற்றை வடித்துவிட்டு உண்ணலாம்.

பேணி உண்மையாகவே சிறந்து நிற்கும் இடம் சிவப்பு அவரை. காய்ந்த சிவப்பு அவரையில் வயிற்றுக்குக் கேடு செய்யும் நச்சுப்பொருள் ஒன்று உண்டு. ஓரிரவு ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரில் குறைந்தது பத்து நிமிடம் கொதிகொதிக்க அவித்தபின்னரே மெல்ல வேகவிட வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பானையின் வெப்பம் மட்டும் இதற்குப் போதாது. பேணியில் உள்ள அவரையோ ஏற்கனவே முறைப்படி அவிக்கப்பட்டது. நேரடியாகக் கறியில் இடலாம்.

உப்பிய பேணி, கசியும் பேணி, பொருத்துப் பகுதியில் ஆழமாக நெளிந்த பேணி ஆகியவற்றை எறிந்துவிட வேண்டும். பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு அரிதாயினும் உயிரைப் பறிக்கக்கூடியது. சுவைத்துப் பார்த்துச் சோதித்தலும் ஆகாது. திறந்த பேணியில் மிகுந்ததை வேறு பாத்திரத்தில் மாற்றி மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாட்களுக்குள் உண்டு முடித்தல் நன்று.

நோயுடையோர் கவனத்துக்கு

மேலே கூறியவை பொதுவான அறிவுரைகள். சில நோயாளருக்கு வழி வேறு. சிறுநீரக நோய் முற்றியோருக்குப் பொற்றாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவமனை கூறியிருக்கலாம். மற்றவர்கள் மரக்கறி அவித்த நீரைக் குழம்பிற் சேர்ப்பது நல்லது. பொற்றாசியத்தைக் குறைக்கவேண்டியவர் அந்நீரை ஊற்றிவிட வேண்டும். பேணியிலுள்ள நீரையும் அவ்வாறே வடித்து ஊற்ற வேண்டும். குருதியழுத்தத்துக்கு நல்லதென்று கடைகளில் விற்கப்படும் சோடியம் குறைந்த உப்புகளிற் பல, பொற்றாசியம் கலந்தவை. சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேளாது அவற்றைத் தொடலாகாது. ஒருவருக்கு நன்மை செய்த உப்பை உறவினரோ அயலவரோ இன்னொருவருக்குப் பரிந்துரைத்தலும் ஆபத்தே.

குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்தை உட்கொள்வோர், கீரை வகைகளை முற்றாக விடவேண்டியதில்லை. உண்ணும் அளவை வாரத்துக்கு வாரம் பெரிதும் மாற்றாதிருக்க வேண்டும். ஒரு வாரம் கீரையே இன்றி இருந்து, மறுவாரம் மலிவாகக் கிடைத்ததென்று நாள்தோறும் உண்டால் மருந்தின் செயல் மாறும். உறையவைத்த கீரை ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பது இத்தகையோர்க்கு உதவியாகும்.

விலையை ஒப்பிடுதல்

பொருளின் விலையை மட்டும் பாராமல், தட்டில் ஒட்டப்பட்ட சீட்டில் சிறிய எழுத்தில் உள்ள கிலோவுக்கான விலையைப் பார்க்க வேண்டும். பேணியில் வடித்த நிறையே கணக்கு. 400 கிராம் கடலைப் பேணியில் நீரை வடித்தால் ஏறத்தாழ 240 கிராம் கடலை இருக்கும். மூவருக்கு ஆளுக்கொரு பங்கு. புதிய மரக்கறியில் தோலும் தண்டும் போக மிஞ்சுவதே உணவு. வாடி எறியப்படுவதும் விலையிற் சேரும். மூன்று நாளில் வாடும் மலிவான கட்டைவிட, இறுதித் துண்டுவரை உண்ணப்படும் உறைந்த பை சிக்கனமானது.

திகதிகளிலும் வேறுபாடு உண்டு. இத்திகதிக்குள் பயன்படுத்துக என்பது பாதுகாப்புப் பற்றியது. வெட்டிப் பையில் அடைத்த சலாட் இலை அத்திகதியைக் கடந்தால் உண்ணலாகாது. இத்திகதிக்கு முன் உண்பது சிறந்தது என்பது சுவையும் தரமும் பற்றியது. பேணியிலும் உறைந்த பையிலும் பெரும்பாலும் இதுவே இருக்கும். அத்திகதி கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் நல்ல பேணியை எறிய வேண்டியதில்லை.

குறிப்பிட்ட அரச உதவிப் பணம் பெறும் குடும்பங்களில், பத்து வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோரும் ஹெல்தி ஸ்ரார்ட் என்னும் திட்ட அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அவ்வட்டையால் பாலோடு புதிய, உறையவைத்த, பேணியில் அடைத்த பழமும் மரக்கறியும் பருப்பு வகைகளும் வாங்கலாம். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதிருப்பது வீட்டுக்கு நட்டம். தாதியிடமோ மருத்துவிச்சியிடமோ கேட்டால் வழிகாட்டுவர்.

முடிவாக

எளிய ஒழுங்கு ஒன்று போதும். பருவத்தில் விளைவதையும் நெடுநாள் தாங்குவதையும் புதிதாக வாங்குக. கீரை, பட்டாணி, போஞ்சி, வெண்டி, முருங்கை ஆகியவற்றில் ஒன்றிரண்டு பை பிறீசரில் இருக்கட்டும். தக்காளியும் கடலையும் அவரையும் சில பேணிகள் அலுமாரியில் இருக்கட்டும். வேலையோ நோயோ மழையோ கடைக்குச் செல்வதைத் தடுத்த நாளிலும், அவ்வீட்டில் சோற்றோடு ஒரு மரக்கறி இருக்கும்.

உணவு பற்றிய ஐயம் இருப்பின் குடும்ப வைத்தியரையோ மருந்தாளரையோ நாடலாம். வைத்தியருடன் பேசத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென முன்பதிவின்போதே கூறினால், கட்டணமின்றி ஒழுங்குசெய்யப்படும். பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துச்செல்ல வேண்டியதில்லை. உண்ணும் மருந்துகளின் பட்டியலையும், வீட்டில் வழமையாகப் பயன்படுத்தும் உப்பு வகையின் பெயரையும் கையோடு கொண்டுசெல்வது பேருதவியாக இருக்கும்.